கதவுத் துருவும் மூன்றாம் கிண்ணமும்

பியோ தல்சூ தமது இருபத்தேழாம் வயதில் ஒரு பேருந்து நிலையக் கழிப்பறையின் இரும்புக் கதவைப் படமெடுத்தார். அதற்குப் பிறகு அவர் துருப்பிடித்த எதையும் படமெடுக்கவில்லை. எடுக்கும் தேவை ஏற்படவில்லை என்று பெருமையாகவே சொல்வார். அக்கதவின் அடிப்பகுதியில், அவசரமாக வந்தவர்கள் காலால் உதைத்துத் திறந்து பூச்சு உரிந்துபோன இடத்தில், சுரைக்காய் வடிவத்தில் ஒரு செந்துருத் திட்டு இருந்தது. அந்தத் திட்டுதான் அவருடைய வாழ்நாள் சொத்து. சியோல் நகரின் கூரோ வட்டாரத்தில், கணினி விளையாட்டுகளுக்குப் படவேலை செய்துதரும் நிறுவனமொன்றில் அவர் உலோகப் பிரிவின் தலைவர். கடற்கொள்ளையர் பீரங்கி, பேயோட்டியின் கோடரி, அணுப்போருக்குப் பின் எஞ்சிய தண்ணீர்த்தொட்டி, விண்கலத்தின் அடிவயிறு என எதைக் கேட்டாலும் அந்தச் சுரைக்காய் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சில நேரம் நிமிர்ந்து உட்காரும். சில நேரம் தலைகீழாகத் தொங்கும். அவ்வளவுதான் வேறுபாடு.

அவருடைய செய்முறை எளியது. முதலில் கணினித் திரையில் ஒரு சாம்பல் நிறப் பரப்பு. அதன்மேல் மணல் தூவியதுபோலப் புள்ளிகள். அவற்றை ஒரே திசையில் இழுத்து மங்கவைத்தால் இழைத்த எஃகு வந்துவிடும். அதற்கு மேலான லேயரில், அதாவது அடுக்கில், கதவின் படம். கதவை அடிப்பரப்போடு இருட்டாகக் கலக்கவிட்டு, வேண்டாத இடங்களைக் கிழிசலான ஓரமுள்ள பிரஷ்ஷால் மறைத்துவிட வேண்டும். விளிம்புகளில் வெளிறிய கோடுகள் போட்டால், பல கை பட்டுத் தேய்ந்ததாகப் பொருள். பள்ளங்களில் கருமை அப்பினால், அழுக்கு. கடைசியாக, ஆணித் தலைகளிலிருந்து கீழ்நோக்கி ஒழுகும் பழுப்புக் கறை. ஒழுகல் இல்லாமல் அவர் எந்தப் பொருளையும் விட்டதில்லை. தரையில் மல்லாந்து கிடக்கும் கேடயத்திலும் துரு ஒழுகியது.

ஒருமுறை, புதிதாகச் சேர்ந்த நோ யங்ஷின் என்ற பெண் அவரிடம் கேட்டாளாம்: "டீம் லீடர், விண்கலத்துக்குக் கீழ்ப்பக்கம் எதுங்க?"

"பணம் குடுக்கிறவன் எந்தப் பக்கம் உக்காந்திருக்கானோ, அதும்மா கீழ்ப்பக்கம்."

இதை அவரே குடித்துக்கொண்டிருக்கும்போது எங்களிடம் சொல்லி, தாமே சிரித்து, தம் தொடையையே தட்டிக்கொண்டார். கதவின் கதையையும் அப்படித்தான் சொன்னார்.

தேய்மானத்தை விற்றுப் பிழைத்த இந்த மனிதருக்குத் தேய்மானம் என்றாலே ஆகாது. அவர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில், வாங்கிய நாளன்று ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்றும் இருக்கிறது. காரின் இருக்கைகளிலும் அப்படியே. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் கால்சட்டை தனியாகவும் மனிதன் தனியாகவும் வருவான். "பிரிச்சா கீறல் விழுந்திடும்" என்பார். பிரிக்காமலே வைத்து அவர் எதைக் காப்பாற்றினார் என்று அவர் மனைவிக்கும் தெரியாது.

இவர் எங்கள் குலம். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தெற்கே, சோல்கோல் என்ற ஊரில் எங்கள் குலத்தின் கல்லறைகளும் சடங்குக் கூடமும் உள்ளன. ஆண்டுதோறும் பத்தாம் சந்திர மாதத்தில் முன்னோர்க்குப் படையல். முன்னோர்முன் மூன்று கிண்ணம் மது வைக்கப்படும். முதல் கிண்ணம் மூத்த வீட்டின் வாரிசுக்கு உரியது. இரண்டாவது குலச்சங்கத் தலைவருக்கு. மூன்றாவது கிண்ணத்தை யார் வைப்பது என்பதை அவ்வாண்டுக் கூட்டத்தில் முடிவுசெய்வார்கள். தல்சூவின் கிளை, முன்னோர் ஒருவர் வைத்திருந்த பெண்ணின் வயிற்றில் பிறந்த கிளை. ஆகவே அவர்கள் கடைசி வரிசையில் நிற்பார்கள். தல்சூவின் அப்பா மதுச் சாடியைச் சுமந்திருக்கிறார், கிண்ணங்களைக் கழுவியிருக்கிறார்; கிண்ணத்தை முன்னோர்முன் வைத்ததில்லை. அந்தக் கிளையில் எவரும் வைத்ததில்லை.

தல்சூவுக்கு அந்த மூன்றாம் கிண்ணம் வேண்டும். வெள்ளை அங்கியும் கருந்தொப்பியும் அணிந்து, கிண்ணத்தை இரு கையாலும் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு எந்த ஆசையையும் அவர் இவ்வளவு நேர்மையாக வளர்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கீழ்க்கிளைகளில் தலைமுறைகள் மெதுவாக நகர்ந்தமையால், நாற்பத்தொன்பது வயதுத் தல்சூ, எழுபத்தாறு வயதுச் சங்கத் தலைவர் பியோ ஹக்மோவுக்குச் சித்தப்பா முறை. அரிசி ஆலை நடத்தி ஓய்ந்த ஹக்மோ, முறையை ஒருபோதும் தவறவிட்டதில்லை. கடைசி வரிசையில் நிறுத்திவைத்துவிட்டு, வாய் நிறையச் சித்தப்பா என்பார்.

அவ்வாண்டு வசந்தகாலக் கூட்டத்தில் ஹக்மோ கடுஞ்சினத்தில் இருந்தார். எங்கள் எட்டாந்தலைமுறை முன்னோர் ஒருவர் அரசரின் இரகசிய ஆய்வாளராக மாறுவேடத்தில் ஊர் ஊராகச் சென்று, ஊழல் செய்த அதிகாரிகளைப் பிடித்தவர் என்பது எங்கள் குலத்தின் நம்பிக்கை. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள யோம் குலத்தார், அவர் ஆய்வாளர் அல்லர், ஆய்வாளரின் குதிரையைக் குளிப்பாட்டியவர் என்று சந்தையில் சொல்லிச் சிரித்திருந்தார்கள். எங்களிடம் மறுக்கச் சான்று இல்லை. உண்மையைச் சொன்னால், அவர்கள் சொன்னதுதான் பொருத்தமாகவும் பட்டது.

"ஆய்வாளர்னா குதிரை வில்லை இருந்திருக்கணும்ல?" என்று ஹக்மோ கூடத்தை அதட்டினார். குதிரை வில்லை என்பது அரசர் தரும் வட்டமான பித்தளைத் தகடு. எத்தனை குதிரை பொறித்திருக்கிறதோ அத்தனை குதிரைகளை அரசுக் குதிரை லாயத்தில் கேட்டு வாங்கலாம். "எவன் வீட்டுப் பரண்லயாவது கெடக்கும். தேடுங்கடா! கொண்டு வர்றவனுக்கு இந்த வருஷம் மூணாம் கிண்ணம்."

கடைசி வரிசையில் தல்சூ நிமிர்ந்தார். "தலைவரே, எங்க அம்மா வீட்டுல ஒரு பெட்டி இருக்கு. பாத்துச் சொல்றேன்."

"பாருங்க சித்தப்பா, பாருங்க. உங்களுக்குத்தான் அதுல பழக்கம் ஜாஸ்தி. நம்ம முன்னோரும் நோக் தின்னாரு, நீங்களும் நோக் திங்கிறீங்க."

கூடம் குலுங்கியது. எங்கள் மொழியில் அரசன் தரும் சம்பளப் படிக்கும் நோக் என்றுதான் பெயர். துருவுக்கும் அதே பெயர். அரசுப் பணியில் இருப்பவனை நோக் தின்பவன் என்போம். தல்சூ என்ன தின்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துக் குலத்தின் கைப்பேசிக் குழுவில் படம் வந்தது. கறுத்த துணிமேல் ஒரு வில்லை, மூன்று குதிரைகள், தேய்ந்த விளிம்பு, பள்ளங்களில் கருமை. நடுக்குதிரையின் வயிற்றில் சுரைக்காய் வடிவத்தில் செந்துரு. அதிலிருந்து, துணிமேல் படுத்துக் கிடந்த அத்தகட்டிலும், கீழ்நோக்கி ஓர் ஒழுகல்.

வாழ்த்துகள் கொட்டின. அழுகிற பொம்மைகள், கும்பிடுகிற முயல்கள். பல்மருத்துவரான பியோ மின்யோப் மட்டும் ஒரு வரி எழுதினார்: "அண்ணே, பித்தளையில எப்படிச் செந்துரு வரும்? களிம்புன்னா பச்சையால்ல இருக்கணும்?"

சரியான கேள்வி. இருபத்திரண்டு ஆண்டுகள் உலோகப் பிரிவின் தலைவராக இருந்தவருக்கு இரும்பு மட்டுமே செந்துரு பிடிக்கும் என்பது தெரியாது. அவர் உலகில் பழமைக்கு ஒரே நிறம். அந்த நிறம் கழிப்பறைக் கதவில் இருந்தது.  அவர் மறுமொழி எழுதினார்:

"தம்பி, அது துரு இல்ல. ரத்தம்."

அந்த மாலைக்குள் எங்கள் முன்னோர் தியாகியாகிவிட்டார். வழிப்பறிக்காரர்கள் மலைக்கணவாயில் வழிமறித்ததாகவும், வில்லையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே அவர் உயிர்விட்டதாகவும் தல்சூ எழுதினார். வழிப்பறிக்காரர்கள் போதவில்லை என்று ஹக்மோ கருதினார். அவர்களை ஏவியது ஊழல் ஆளுநர் என்று சேர்த்தார். இன்னொருவர் ஆளுநருக்கு யோம் என்று குலப்பெயர் வைத்தார். எவரும் சிரிக்கவில்லை. மின்யோப்புங்கூட ஒரு கும்பிடுகிற முயலை அனுப்பிவைத்தார்.

இத்தோடு நின்றிருந்தால் தல்சூ சேதமில்லாமல் தப்பியிருப்பார். ஆனால் ஹக்மோ தொலைபேசியில் அழைத்தார்.

"சித்தப்பா, படையலுக்கு வில்லையைக் கையோட எடுத்துட்டு வந்திருங்க. முன்னோர் முன்னாடி தட்டுல வெப்போம். யோம் குலத்துப் பெரியவரையும் கூப்பிட்டிருக்கேன், வந்து கண்ணால பாக்கட்டும்."

"தலைவரே, அது ரொம்பப் பழசு. தொட்டா உதிர்ந்திடும். பெருசா பிரிண்ட் போட்டு..."

"படத்துக்குக் கிண்ணம் வெக்கச் சொல்றீங்களா? பொருள் வந்தா கிண்ணம். வரலேன்னா நம்ம கடைசி வரிசை இருக்கவே இருக்கு, நல்ல காத்தோட்டமான எடம்."

தல்சூ இன்சாதோங் தெருவுக்குப் போய், சுற்றுலாப் பயணிகளுக்கு விசிறியும் சாவிக்கொத்தும் விற்கும் கடையில் ஒரு பித்தளை வில்லை வாங்கினார். மூன்று குதிரை இருந்தது. பொன்போல மின்னியது. பின்புறத்தில், அரசரின் ஆட்சியாண்டு இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு வரி பொறித்திருந்தது: "நினைவுப் பொருள். வாயில் வைக்கக் கூடாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் தம் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில், வாழ்வில் முதன்முறையாக, ஓர் உண்மையான உலோகத்தைப் பழையதாக்க முயன்றார். வினிகரில் ஊறவைத்தார், அங்கங்கே பச்சை பூத்தது. உப்பில் புதைத்தார், மேலும் பச்சையானது. சோயா சாறு ஊற்றினார். பச்சையோடு நாற்றமும் வந்தது. கையால் செய்ததைத் திரும்பப் பெறும் பொத்தான் பால்கனியில் இல்லை. படத்தில் இருப்பதோ சிவப்பு. இரத்தமென்று உலகறியச் சொல்லியாயிற்று.

"என்னங்க, குழம்புக்கு வெச்சிருந்த சோயா எங்க?" என்று மனைவி வந்து எட்டிப்பார்த்தார். "இது என்ன கண்றாவி?"

"முன்னோர்."

"முன்னோர்மேல ஊத்துனதுபோக மிச்சத்தைக் குடுங்க."

இறுதியில் பொம்மை டாங்கிகளுக்குப் பூசும் வண்ணக்குப்பிகள் நான்கு வாங்கினார். சாம்பல், கருமை, பழுப்பு, சிவப்பு. அதே வரிசை, அதே லேயர்கள். கைப்பேசியில் படத்தை வைத்துக்கொண்டு, கதவிலிருந்து வில்லைக்கு ஏறிய சுரைக்காயை மயிர்ப் பிரஷ்ஷால் வில்லைமீது பார்த்து வரைந்தார். பின்புறத்து எழுத்துகளைக் கருமையால் நிரப்பினார். முடி உலர்த்தியால் காயவைத்தார். அசல் போலிருக்கிறது என்று மகிழ்ந்தார். எது அசல் என்று கேட்டால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

படையலுக்கு முந்தின நாள் நண்பகலில், பட்டுத் துணியில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். ஹக்மோ இரு கையாலும் வாங்கி, சுரைக்காயைப் பார்த்துக் கண்கலங்கி, அதைச் சடங்குக் கூடத்தில் பூட்டுள்ள ஒரே அலமாரியில் வைத்தார். அது பித்தளைப் பாத்திரங்களின் அலமாரி. பிறகு ஆண்கள் எல்லோரும் கல்லறைமேடுகளில் புல்லறுக்கப் போய், அறுத்ததைவிட அதிகமாக மாக்கொல்லி என்ற அரிசிக்கள்ளைக் குடித்துவிட்டு இருட்டும் வேளையில் திரும்பினோம்.

மறுநாள் காலை வெயில் தெளிவாக இருந்தது. சடங்கின் ஒவ்வொரு படியையும் உரக்கக் கூவி அறிவிக்கும் பணி எனக்கு. ஆகவே படையல் மேசையின் அருகிலேயே நின்றேன். யோம் குலத்துப் பெரியவரும் மாவட்டப் பண்பாட்டு அலுவலர் ஒருவரும் விருந்தினர் பாயில் உட்கார்ந்திருந்தனர். தல்சூ வெள்ளை அங்கியில், கருந்தொப்பி காதுவரை இறங்க, முன்வரிசையில் நின்றார். படமெடுக்க மைத்துனனைப் பணித்திருந்தார். முதல் கிண்ணம் வைக்கப்பட்டது. இரண்டாம் கிண்ணத்தை ஹக்மோ வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இலந்தைப் பழத்துக்கும் கஷ்கொட்டைக்கும் நடுவில் பெண்கள் சிவப்புத் துணியால் மூடி வைத்திருந்த தட்டை எடுத்தார்.

"நம்ம முன்னோர் ரத்தம் சிந்திக் காத்த வில்லை!" என்று துணியை விலக்கினார்.

வில்லை பொன்போல மின்னியது. வெயில் பட்டு எதிர்ச்சுவரில் ஒரு வட்ட ஒளி ஆடியது. சுரைக்காய் இல்லை. கருமை இல்லை. தேய்மானமே இல்லை. மூன்று குதிரைகளும் அன்றுதான் பிறந்தவை போல நின்றன.

படையலுக்கு முந்தின நாள் மாலையில் எங்கள் வீட்டுப் பெண்கள் அலமாரியைத் திறந்து பித்தளை முழுவதையும் தேய்த்துத் துலக்குவார்கள். இது முந்நூறு ஆண்டு வழக்கம். சடங்குக்கு உரிய ஆண்களில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ஒருவரும் ஒருநாளும் தேய்த்ததில்லை.

தல்சூவின் முகம் அங்கியின் நிறத்துக்கு வந்தது. ஹக்மோ மெல்ல வில்லையைத் திருப்பினார். எழுத்துகளும் சுத்தமாகத் துலங்கியிருந்தன. நான் நின்ற இடத்திலிருந்தே வாசிக்க முடிந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார். உதடுகள் இருமுறை அசைந்தன. "வாயில்" என்ற இடத்தில் சற்று நின்றன.

"பின்னாடி என்ன எழுதியிருக்கு?" என்று யோம் பெரியவர் பாயிலிருந்து கழுத்தை நீட்டினார். "சத்தமா வாசிங்களேன், நாங்களும் கேக்குறோம்."

ஹக்மோ தல்சூவைப் பார்த்தார். தல்சூ தரையைப் பார்த்தார். அந்தக் கிளையின் மூன்றாம் கிண்ணம் அந்தக் கணத்தில் ஹக்மோவின் நாக்கில் இருந்தது. உண்மையைச் சொன்னால் தல்சூ மட்டும் கடைசி வரிசைக்குப் போவதில்லை. குலம் முழுவதும் குதிரை குளிப்பாட்டப் போகும்.

"அரசர் ஆணை," என்று ஹக்மோ கணீரென்று வாசித்தார். "இதை வைத்திருப்பவருக்கு மூன்று குதிரை கொடுக்கவும்." வாசித்துவிட்டு வில்லையை அங்கியின் கைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் வரிசைப்படி அடுத்ததைக் கூவினேன்: "மூன்றாம் கிண்ணம்!"

தல்சூ நடந்தார். மண்டியிட்டார். தொப்பி கண்ணை மறைத்ததில் பாதி மது சட்டைக்கையில் சிந்தியது. மீதியை முன்னோர்முன் வைத்தார். மைத்துனன் படமெடுத்தான். படத்தில் கண் மூடியிருந்ததாகப் பின்னர் தெரியவந்தது. மூடிய கண்களைத் தல்சூ கணினியில் திறந்துகொண்டார்.

சடங்கு முடிந்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து, மூக்கைச் சுடும் புளித்த திருக்கை மீனை மென்றுகொண்டிருந்தபோது யோம் பெரியவர் விடவில்லை.

"ஆமா, ரத்தக் கறை ரத்தக் கறைன்னாங்களே, எங்க?"

திருக்கைத் தட்டோடு வந்த மூத்த வீட்டு மருமகள் நின்றார். குரே ஊரிலிருந்து வந்தவர் என்பதால் அவரைக் குரேக்காரி அண்ணி என்போம். "எது, அந்த வட்டத் தகடா? நாந்தாங்க தேச்சேன். யாரு வீட்டுப் பித்தளையோ, அலமாரியிலயே அதுதான் அழுக்கு. பாக்கவே மானம் போச்சு."

"அத்தனை வருஷத்து ரத்தம், ஒரு தேப்புல போயிடுச்சா?"

"தேக்கவே இல்லீங்க. ஈரத்துணி பட்டதும் கல்யாணப் பொண்ணு முகப்பூச்சு மாதிரி வழிஞ்சு வந்திடுச்சு. துணிதான் வீணாப்போச்சு."

 யோம் பெரியவரின் மீசை சிரிக்கத் தயாரானது. அப்போது ஹக்மோ சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்து, கண்ணை மூடி, கை கூப்பினார்.

"முன்னோர் மனசு குளுந்துட்டாரு. இத்தனை வருஷமாப் போகாத கறை, சொந்தக் குலத்து மருமக கை பட்டதும் போயிருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

 கீழ்வரிசையில் ஒரு கிழவர் விம்மினார். இன்னொருவர் "ஐயோ!" என்றார். பண்பாட்டு அலுவலர், அரசுப் படியை வாங்குகிறவர், குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். மின்யோப் எழுந்து போய் அண்ணியின் கையைத் தொட்டுக் கும்பிட்டார். அண்ணி கையை உதறி, "போங்க தம்பி, மீன் ஆறுது" என்றார். அந்த நாளில் நான் கேட்ட உண்மையான பேச்சு அது ஒன்றுதான்.

புறப்படும்போது, செருப்புகள் கிடந்த இடத்தில், ஹக்மோ தல்சூவை நிறுத்தினார்.

"அடுத்த வருஷமும் மூணாம் கிண்ணம் உங்களுக்குத்தான், சித்தப்பா."

தல்சூ இடுப்பு ஒடியக் குனிந்தார். "நன்றிங்க தலைவரே, நன்றிங்க."

"எங்க நேர்க்கிளை முன்னோர் ஒருத்தர் தளபதியா இருந்தாருன்னு எங்கப்பா சொல்லுவாரு. ஒரு வாள் வேணும். படமாவே இருக்கட்டும், பொருள் வேணாம். ரத்தமும் வேணாம்." தோளில் தட்டினார். "இப்பத்தான் சித்தப்பா, நீங்க நெசமாவே நோக் திங்கிறீங்க."

தல்சூ அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். பத்து நாளில் வாள் வந்தது. அதன்பின் ஒரு தலைக்கவசம், ஒரு முத்திரை, ஓர் அம்புமுனை. அவர் ஆண்டுதோறும் மூன்றாம் கிண்ணத்தை வைக்கிறார்; வைத்து முடித்ததும் தம் கிளையோடு கடைசி வரிசையில் போய் நின்றுகொள்கிறார். அவரை அங்கிருந்து யாரும் நகர்த்தவில்லை, அவரும் கேட்கவில்லை.

வில்லையின் படம் ஆளுயரச் சட்டத்தில் சடங்குக் கூடத்தின் நடுச்சுவரில் தொங்குகிறது. வெளியூர்க் கிளையினர் வந்து அதன்முன் நெற்றி தரையில் படும்படி விழுந்து வணங்குகிறார்கள். அவர்கள் தலைக்கு நேரே, நடுக்குதிரையின் வயிற்றில், பேருந்து நிலையத்துச் சுரைக்காய் சிவந்திருக்கிறது. சட்டத்தின் கண்ணாடியில் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கிறது. சென்ற ஆண்டு குரேக்காரி அண்ணி அதன் ஒரு மூலையைப் பிரித்துவிட்டார் என்று தல்சூ கூரோவிலிருந்து நான்கு மணிநேரம் காரோட்டி வந்து, அதை மறுபடி ஒட்டிவிட்டுப் போனார்.